எறும்பு மொய்த்த நாற்பத்தேழு விநாடி

மீதி நேரம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்றது கணினி. கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே கணினி ஒரு மணி நாற்பது என்றுதான் சொல்லியிருந்தது. நேரம் போகப் போக மீதி கூடிக்கொண்டே வருகிற இந்த அதிசயக் கணக்கைப் பிலோமி பதினோரு வருடமாகப் பார்த்துவருகிறாள், ஆனாலும் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள்போலக் கோபம் வந்தது. மணி இரண்டே கால். நான்கு மணிக்கு ஃபாயிஸா காயல்பட்டினத்திலிருந்து வந்துவிடுவாள். கல்யாண வீடியோவை வாங்கிக்கொண்டு போய், சனிக்கிழமை புருஷனோடு ஹாங்காங்குக்கு விமானம் ஏறுவாள். நாலரை மணி நேர வீடியோவில் அந்தப் பெண் கேட்டுக் கேட்டு அலைவது நாற்பத்தேழு விநாடியைத்தான். அவளுடைய உம்மா ஜெய்னம்பு லாத்தா தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் கேமராவுக்கு மனதாரக் காட்டிய முகம் அந்த நாற்பத்தேழு விநாடி மட்டும்தான். அதுவும் பாழ். பாழ் என்றால் படம் விழவில்லை என்று இல்லை, விழுந்திருக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார், துப்பட்டியை நெற்றியிலிருந்து ஒரு விரற்கடை பின்னால் தள்ளுகிறார், எல்லாம் தெரிகிறது. ஆனால் முகத்திலும் கழுத்திலும் பின்சுவரிலும் சிவப்பும் பச்சையுமாகப் பொடி எறும்புகள் மொய்க்கின்றன, ஒரு கணம் நின்ற இடத்தில் மறுகணம் நிற்பதில்லை. வெளிச்சம் பற்றாத படத்தில் வருகிற நாய்ஸ். அதை இந்தக் கணினி ஒவ்வொரு ஃபிரேமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறது, நான்காவது முறையாக. முதல் முறை கொஞ்சமாகத் துடைக்கச் சொன்னாள், எறும்பு போகவில்லை. இரண்டாம் முறை அழுத்தித் துடைக்கச் சொன்னாள், எறும்பு போய்விட்டது, கூடவே முகமும் போய்விட்டது. மூன்றாவதில் பாதி முகமும் பாதி எறும்பும். பிலோமியின் நாக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல்லுக்குப் போயிற்று. ஈறு வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது, வலிக்கிறது என்று தெரிந்தேதான் நாக்கு போகிறது.

புருஷன் ஜெரால்டு அவளுக்குக் கேமரா சொல்லிக் கொடுத்தது சமையலறையில். கல்யாணமான மறுவருடம், ஒரு மழை நாள், மின்சாரம் இல்லை, அடுப்புத் திட்டில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு தேங்காய் மூடியும் வைத்து, எடு பார்ப்போம் என்றான். எடுத்தாள். தேங்காய் மூடி முழுக்கப் புள்ளி புள்ளியாக ஊர்ந்தது. அப்போதுதான் சொன்னான், நாய்ஸ் என்பது கேமரா விடுகிற புளுகு என்று. வெளிச்சம் போதாத இடத்தில் கேமராவுக்கு ஒன்றும் தெரிவதில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் அதற்கு மானக்கேடு, அதனால் வந்ததையும் வராததையும் கூட்டிச் சத்தமாகச் சொல்கிறது. அந்தச் சத்தம்தான் இந்தப் புள்ளி. அதற்காக விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, முதலில் ஷட்டரைப் பார், வாசல் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பார், லென்ஸின் கண்ணை எவ்வளவு அகலத் திறந்திருக்கிறாய் என்று பார், கடைசியாகத்தான் அந்தச் சத்தத்தைக் கூட்டுகிற ஐ.எஸ்.ஓ.வை ஏற்று. நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தான். மற்ற விஷயங்களில் அரைகுறையாகப் பேசுகிற மனிதன், கேமரா என்று வந்தால் பாதிரியார் போல நிறுத்தி நிதானமாகப் பேசுவான். ஷட்டரைப் பாரு, ஷட்டரைப் பாரு என்று அன்றைக்கு எத்தனை தரம் சொன்னான். அந்தத் தேங்காயை மறுநாள் சட்னி அரைத்தாள், மெழுகு வாசம் அடிப்பதாகச் சொல்லிக்கொண்டே இரண்டு பேரும் தின்று தீர்த்தார்கள். ஷட்டர் என்ற சொல் வந்தவுடன் பிலோமியின் மனம் ஒதுங்கிப் போயிற்று, தெருவில் கடன்காரனைக் கண்டவன் அடுத்த சந்தில் திரும்புவதுபோல. மீதி நேரம் ஒரு மணி நாற்பத்தொன்பது.

இந்தக் கணினி போதாது என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டூடியோவின் முன்னறையில் ஜெரால்டின் கணினி இருக்கிறது, போன தீபாவளிக்கு வாங்கியது, அதில் புது மென்பொருள் இருக்கிறது, அது எறும்பை மட்டும் பொறுக்கிவிட்டு முகச் சுருக்கத்தை விட்டுவைக்குமாம். ஆனால் அது தானாக வேலை செய்கிற சாமான் இல்லை, எது சுருக்கம் எது எறும்பு என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஜெரால்டின் கை வேண்டும். கண்ணை விட்டுவிட்டுக் கை மட்டும் வராது. கண்ணை மூடிக்கிட்டே செய்யுதேன் போதுமா என்று போன வாரம் கேலி செய்தான். அவன் கேலி செய்வான், ஆனால் இந்தப் பின்னறைக் கதவைத் தட்டாமல் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் திறந்ததில்லை. பெண்கள் பகுதிக் கல்யாணத்தைப் பெண்தான் எடுக்க வேண்டும், எடுத்ததைப் பெண்தான் பார்த்து வெட்டி ஒட்ட வேண்டும், படம் பதிந்த கார்டு ஆண் கைக்குப் போகக் கூடாது. இதுதான் அந்த வீடுகளில் அவள் கொடுத்த வாக்கு. அவளைவிட நன்றாக எடுக்கிற பெண்கள் தூத்துக்குடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அது அவளுக்கே தெரியும். ஆனாலும் காயல்பட்டினத்தில் பெண்கள் மட்டும் நடக்கிற அந்தக் குறுகின முடுக்குகளுக்குள் கேமராப் பையோடு போய்வருகிறவள் இவள்தான், ஏனென்றால் பிலோமி கையில் இருப்பது பிலோமி கையில்தான் இருக்கும். வேறு ஊரில் இதே தொழில் செய்த ஒருத்தியின் தம்பி, மாதிரிக்கு என்று சொல்லி மருதாணிக் கை தெரிகிற ஒரு துண்டைத் தன் போனில் வைத்திருந்தானாம். முகம்கூட இல்லை, வெறும் கை. அந்தப் பெண் இப்போது தொழில் போய் ஜவுளிக் கடையில் நிற்கிறாள். இதை நினைத்தால் பிலோமி கார்டு இருக்கிற இழுப்பறையை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். பயம் என்றே சொல்லிவிடலாம்.

கல்யாணத்தன்றைக்கு முற்றத்தில் வெயில் நன்றாக இருந்தது. அதுதான் வினை. கல்யாணப் பெண் ஃபாயிஸாவைச் சுற்றி நாத்தனார்கள் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், சொம்பின் மூக்கிலிருந்து துளிகள் எகிறும்போது அவை ஒவ்வொன்றும் உருண்டையாகத் தனித்தனியே நிற்க வேண்டும் என்று பிலோமிக்கு ஆசை வந்தது. நல்ல ஆசைதான், நன்றாகவும் வந்தது, அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் அவளுக்கே பெருமையாக இருக்கிறது. அதற்காக ஷட்டரை ஆயிரத்துக்கு ஏற்றினாள், அதாவது ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரம் மட்டும் வாசல் திறந்து மூடும். வெயிலில் அதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. மேகம் வந்து வந்து போனதால் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் போட்டாள், வழக்கமாக அப்படிப் போடமாட்டாள், அன்றைக்குப் போட்டாள். பன்னீர் முடிந்து உள்ளே போயிருந்த ஃபாயிஸா அந்த நேரம் பார்த்து ஓடிவந்து கையைப் பிடித்தாள். அக்கா, உம்மா சரின்னுட்டாங்க, இப்பவே வாங்க, இன்னும் அஞ்சு நிமிஷத்துல மாறிடுவாங்க. எட்டு மாதமாகக் கேட்டிருக்கிறாள். ஹாங்காங் போனால் உங்கள் முகத்தை எதில் பார்ப்பேன் என்று அழுதிருக்கிறாள். வீடியோ கால் இருக்கிறதே என்பார்கள். ஜெய்னம்பு லாத்தாவோடு வீடியோ காலில் பேசியவர்கள் எல்லாரும் பார்த்தது அவர் வீட்டு மின்விசிறியைத்தான், போனை மடியில் மல்லாக்கப் போட்டுவிட்டுக் குரலை மட்டும் கொடுப்பார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் அவர் களவு செய்து பிடிபட்டவர்போல இருக்கிறார் என்று மகளே சொல்வாள். இவரிடம் ஒரு பயமும் இல்லை, விரதமும் இல்லை, தன் முகம் தான் இல்லாத இடத்தில் இருப்பது சரியில்லை என்று ஓர் எண்ணம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் சரி என்றிருக்கிறார். பிலோமி கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உள்ளறை. கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு, அஸர் தொழுகை முடிந்த சாயங்கால வெளிச்சம் அவை வழியாக இறங்கிச் சுவரில் பட்டு, சுண்ணாம்பின் வெள்ளையில் பட்டு, அங்கிருந்து அந்த முகத்துக்கு வந்துகொண்டிருந்தது. பிலோமி கேமராவின் தலையில் மாட்டியிருந்த விளக்கைப் போட்டாள். ஜெய்னம்பு லாத்தா உடனே கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தை அணை, அதைப் போட்டால் நான் எழுந்துவிடுவேன் என்றார். அணைத்தாள். உண்மையில் அணைத்த பிறகுதான் அறை அழகாக இருந்தது. அந்த வெளிச்சம் இப்போதும் அவள் கண்ணுக்குள் இருக்கிறது, ஒரு பக்கக் கன்னத்தில் மென்மையாக விழுந்து மறு பக்கத்தை விட்டுவிட்டிருந்த வெளிச்சம். போதும், தாராளமாகப் போதும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கட்டைவிரலைக் கொஞ்சம் உருட்டியிருந்தால் போதும், ஆயிரத்திலிருந்து ஐம்பதுக்கு. உருட்டவில்லை. தானியங்கி ஐ.எஸ்.ஓ. ஏறி ஏறி உச்சியில் போய் நின்றிருக்கிறது, சின்னத் திரையின் மூலையில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண் சிவப்பாக இருந்திருக்கும், பிலோமி மூலையைப் பார்க்கவில்லை. சின்னத் திரையில் எறும்பு தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும், அவள் முகத்தைத்தான் பார்த்தாள். முப்பது விநாடி வரை அவர் லென்ஸைத் தபால்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேமராவுக்குப் பின்னால் நின்ற ஃபாயிஸா களுக்கென்று சிரித்தாள், உம்மா மகளைப் பார்த்தார், அந்த முகம் தளர்ந்தது. முப்பத்தோராவது விநாடியிலிருந்து முப்பத்தாறு வரை. கண்ணோரத்தில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து கூடின, மேலுதட்டின் இடது மூலை கொஞ்சமாக மேலே போயிற்று. அப்புறம் போதும் என்று எழுந்துவிட்டார். அந்த ஐந்து விநாடிச் சுருக்கங்களைத்தான் கணினிக்கு எறும்பிலிருந்து பிரித்தறியத் தெரியவில்லை. எறும்பைத் துடைத்தால் சிரிப்பும் துடைபட்டு, மைதா மாவில் கண் வைத்ததுபோல ஒரு முகம் வந்து நிற்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐம்பதில் வைத்திருந்தால் இருபது மடங்கு வெளிச்சம் உள்ளே வந்திருக்கும். பெருக்கல் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபது மடங்கு.

ஆனால் அதுகூட இல்லை. தவறு எல்லாருக்கும் வரும், லென்ஸ் மூடியைக் கழற்றாமல் பெண் அழைப்பு எடுத்த மகராசனும் இந்த ஊரில் இருக்கிறான். மறுநாள் போன் வந்ததே, அதுதான். படம் ஒரு மாதிரியாக இருக்கிறது, புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று பிலோமி ஃபாயிஸாவிடம் மென்று விழுங்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெய்னம்பு லாத்தாவே போனை வாங்கினார். நான் லைட்டை அணைக்கச் சொன்னேன்ல, அதனாலதானே என்றார். பிலோமி ம் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை, அந்த ம் ஒரு சொல்லே இல்லை, தொண்டையில் காற்று அடைத்தாலும் வருகிற சத்தம்தான். ஆனால் அந்தச் சத்தம் அந்தப் பக்கம் ஆமாம் என்றே கேட்டது. பிறகு அவர், உன்மேல் என்னம்மா பிழை, எனக்கு எழுதினது அவ்வளவுதான், படம் வேண்டாம் என்று அல்லாஹ்வே தடுத்துவிட்டான் என்று சொல்லி, பிலோமியையே இரண்டு நல்ல வார்த்தை சொல்லித் தேற்றி வைத்தார். அன்றோடு அந்த வாசல் மூடிக்கொண்டது. விளக்குப் போட்டால் அவர் உட்காரமாட்டார், விளக்கில்லாமல் கேமராவுக்கு முடியாது, இனி எதற்கு என்று மகளிடமும் சொல்லிவிட்டார். ஃபாயிஸா அதற்குப் பிறகு இரண்டு தரம் போன் செய்தாள், எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்கக்கா என்று. சரி பண்ணிவிடலாம் என்று இரண்டு தரமும் சொன்னாள். ஜெரால்டும் கேட்டான், லைட்டு பத்தலையாக்கும் என்று. அவனுக்கும் அதே ம். இப்போது அதை நினைத்துப் பார்க்கையில் பிலோமிக்குத் தன்மேல் பெரிய வெறுப்பு ஒன்றும் வரவில்லை. ஒரு சின்ன ஆச்சரியம்தான், எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சத்தம் என்று. மணி மூன்று. மீதி நேரம் ஐம்பத்தெட்டு நிமிடம். பல் விண்ணென்றது.

துறைமுகச் சாலையில் ஒரு லாரி நின்று நின்று ஹாரன் அடித்தது. கணினியின் விசிறி ஓடி ஓடி அறை முழுக்கச் சூடான தூசி வாசம். பிலோமி எழுந்தாள். அந்த ஒரு கிளிப்பை மட்டும், முகம் மட்டும் வருகிற அந்த ஐந்து விநாடியை மட்டும், ஒரு பென் டிரைவில் போட்டாள். ஐந்து விநாடிதானே. ஒரு முகம்தானே, தெருவில் நடந்தால் எதிரே வருகிறவன் பார்க்காத முகமா. ஆனால் தெருவில் அவர் துப்பட்டியை நெற்றிவரை இழுத்திருப்பார், அந்தச் சிரிப்பும் இருக்காது, அது மகளுக்கென்று வந்த சிரிப்பு. ஜெரால்டு யார், ஊரான் வீட்டுப் பிள்ளையா, தன் புருஷன், பார்த்துவிட்டு மறந்துவிடுவான், அவனுக்கு முகமா தெரியப் போகிறது, நாய்ஸ்தான் தெரியும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஃபாயிஸா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவாள், ஹாங்காங்கில் ஏதோ ஒரு மாடியில் இருந்துகொண்டு உம்மா சிரிப்பதைப் பார்ப்பாள். கதவருகே வந்துவிட்டாள், தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் ஜெரால்டு யாருக்கோ பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாடியைத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம், சிரிக்காதீங்க என்றான். பதினோரு வருடத்தில் அவள் கேட்டுச் சலித்த சொற்கள்தான். சிரிக்காதீங்க என்பது மட்டும் இன்றைக்கு எங்கோ மாட்டிக்கொண்டது. சிரிக்காதே என்று சொல்லி எடுத்த படம் ஒன்று, சிரித்தும் தெரியாமல் போன படம் ஒன்று, ஜெய்னம்பு லாத்தாவுக்கு உலகத்தில் இருப்பது இந்த இரண்டுதான். தாழ்ப்பாள் கைக்குச் சில்லென்றிருந்தது. ஆண் கண் படக் கூடாது என்று ஒரு வாக்கு, அதை உடைத்தால் ஒரு பொய். போனில் சொன்ன ம் என்ற பொய்யோ ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பொய்யைத் துடைக்க இன்னொன்றைக் கொண்டுவந்து அழுத்தித் துடைப்பது, பிறகு மைதா முகம். இப்படி நினைத்தவுடன் அவளுக்கே சிரிப்பு வந்தது, ஏதோ ஞானி மாதிரி யோசிக்கிறோமே என்று. அவளைத் திரும்ப உட்காரவைத்தது ஞானம் ஒன்றும் இல்லை, அந்த ஜவுளிக் கடைப் பெண்தான். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டுமாம்.

பக்கத்துச் சந்து வழியாக இந்தப் பின்னறைக்கு ஒரு தனி வாசல் உண்டு, பெண்கள் வருவதற்கென்று ஜெரால்டு வைத்துக் கொடுத்தது. மூன்றரைக்கே அந்தக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஃபாயிஸா, அவளுக்குப் பின்னால் ஜெய்னம்பு லாத்தா. அவர் வருவார் என்று பிலோமி எதிர்பார்க்கவில்லை. பேத்திக்கோ பேரனுக்கோ என்ற ஊகத்தில் இப்போதே குட்டிச் சட்டைகள் வாங்க வந்தாராம், மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிலோமி மோர் கொடுத்தாள். கணினி மீதி நேரம் பதினெட்டு என்றது. எங்கே, அந்தப் புள்ளியைக் காட்டு என்றார் ஜெய்னம்பு லாத்தா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. தன் உருவம் அசைவதை அவர் பார்த்ததே இல்லை. பிலோமி மறைத்துப் பயனில்லை என்று பழைய கிளிப்பையும், அழுத்தித் துடைத்ததையும் இரண்டையுமே ஓட்டினாள். துடைத்ததைப் பார்த்து, இது நான் இல்லை, செத்துப்போன என் தங்கச்சி மாதிரி இருக்கிறது என்றார். எறும்பு மொய்த்ததைப் பார்க்கும்போது, முப்பத்தோராவது விநாடியில் லேசாக முன்னால் சாய்ந்தார். ஃபாயிஸா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள், அவள் கண் நிறைந்திருந்தது, பரவாயில்லைக்கா என்று இரண்டு தரம் சொன்னாள். உம்மா அவள் முதுகைத் தடவினார். பிறகு பிலோமியின் பக்கம் திரும்பி, தேற்றுகிற குரலில், கேமராவைக் குற்றம் சொல்லி என்ன செய்ய, அந்த இருட்டு ரூமில் அது பாவம் எதைப் பார்க்கும் என்றார்.

பிலோமி இதற்கும் ம் என்றிருக்கலாம். அது தொண்டைவரை வந்தது. நல்ல மனதோ, மனச்சாட்சியோ அதைத் தடுத்தது என்று சொன்னால் அது மிகை. இருட்டு ரூம் என்றதுதான் பொறுக்கவில்லை. இரண்டு கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கி, சுண்ணாம்புச் சுவரில் பட்டு வந்த அந்த வெளிச்சத்தைப் போய் இருட்டு என்று ஒருவர் சொல்ல, அதை எடுக்கத் தெரிந்த ஒருத்தி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா. தொழில் தெரிந்தவளுக்கு வருகிற எரிச்சல் அது.

"அந்த ரூம்ல இருட்டே இல்ல லாத்தா" என்றாள். "அவ்வளவு நல்ல வெளிச்சம் நான் பாத்ததில்ல. அது தாராளமாப் பத்தும். நான்தான் முத்தத்துல வெச்சத மாத்தாம கொண்டாந்து எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

சொல்லி முடித்த பிறகுதான் பயம் வந்தது. முற்றம், பன்னீர், ஆயிரம், ஐம்பது என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள், யாரும் கேட்கவில்லை. ஃபாயிஸா உம்மாவைப் பார்த்தாள், பிலோமியைப் பார்த்தாள், அவள் முகம் சிவந்தது. ஜெய்னம்பு லாத்தா திரையைப் பார்த்தபடியே இருந்தார், திரையில் அவர் துப்பட்டியை ஒரு விரற்கடை தள்ளிய இடத்தில் படம் நின்றிருந்தது. அந்த நிற்கிற படத்தில் எறும்புகளும் அசையாமல் நின்றன.

"அப்ப லைட்ட அணைச்சதால இல்ல."

"இல்ல லாத்தா."

"பன்னெண்டு நாளா இந்தப் புள்ள மொகத்த நிமுந்து பாக்க முடியல எனக்கு. ஒரு தடவ கேட்டா, அதையும் நாமளே கெடுத்துட்டமேன்னு." குரல் உயரவில்லை. மோர் டம்ளரை மேசையில் நகர்த்தி வைத்தார். "நீ அன்னைக்கே சொல்லிருக்கலாம் பிலோமி."

பிலோமிக்கு வெட்கமாக இருந்தது, இரண்டு காதும் சுட்டன. இனி அந்த முடுக்குகளுக்குள் கேமராப் பையோடு போகிற நாள் முடிந்தது என்று ஒரு பக்கம் மனம் அமைதியாகக் கணக்குப் போட்டது, ஜவுளிக் கடையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்றுகூட யோசித்தது. ஜெய்னம்பு லாத்தா எழுந்து துப்பட்டியைச் சரிசெய்தார். குட்டிச் சட்டைப் பையை மகளிடம் கொடுத்தார். கதவுவரை போனவர் அங்கேயே நின்று, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"வீட்டுல யாரும் இத பாத்தாங்களா?"

"இல்ல லாத்தா. அது மட்டும் இல்ல."

"சரி. நாளைக்கு அஸருக்குப் பிறகு வா. அதே ரூம்." ஒரு படி இறங்கினார். "லைட்டு கொண்டாராத."

ஃபாயிஸா பிலோமியின் மணிக்கட்டை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு, உம்மாவுக்குப் பின்னால் ஓடினாள். சந்தில் அவர்கள் செருப்புச் சத்தம் தேய்ந்தது. கணினி வேலை முடிந்தது என்று மணியடித்தது, நான்காவது முகம் தயார். பிலோமி அதைத் திறந்து பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தக் கேமராவை எடுத்தாள். பன்னிரண்டு நாளாக அதைத் தொடாமல் மற்றதைத்தான் வேலைக்குக் கொண்டுபோனாள். போட்டதும் மூலையில் ஆயிரம் என்று அப்படியே இருந்தது. கட்டைவிரலால் உருட்டினாள். பதின்மூன்று கிளிக், ஐம்பது. முன்னறைக் கதவை ஜெரால்டு தட்டினான். தட்டிவிட்டு வழக்கம்போல வெளியிலேயே நின்றான்.

"என்ன, முடிஞ்சுதா? லைட்டு பத்தலன்னா என்ன செஞ்சாலும் அம்புட்டுதான் வரும் பிலோமி."

தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

"லைட்டெல்லாம் பத்துச்சு" என்றாள்.